பெச்சாவில் வந்த ஆட்டுக்கல்

சிவகாமசுந்தரியிடம் தாராளமாக இருந்தது அவள் பெயர் ஒன்றுதான். மற்ற எல்லாவற்றையும் ஐம்பத்தாறாம் வருஷத்திலிருந்து அவள் சுருக்கிக்கொண்டே வந்தாள்.

சிங்கப்பூரின் தேக்காவில் பஃபலோ ரோட்டுக் கடைவீடு ஒன்றின் மாடியில், பலகை அடித்துத் தடுத்த அறைகளில் ஒன்றில் அவளும் புருஷன் கோவிந்தசாமியும் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்களும் குடியிருந்தார்கள். கோவிந்தசாமி துறைமுகத்தில் சரக்கு எண்ணிக் கணக்கெழுதுகிற கிராணி. அடுத்தவன் மூட்டையில் ஒன்று குறைந்தால் கப்பலையே நிறுத்திவைக்கக் கூடியவர். சொந்தக் கையெழுத்து விஷயத்தில் மட்டும் அந்த ஜாக்கிரதை அவருக்கு வராமல் போயிற்று.

கையெழுத்தை வாங்கியவன் சேதுபதி. கூட வேலை பார்த்தவன், சிரித்த முகம். மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் வரிசையாகப் பெட்டி போட்டு உட்கார்ந்து வட்டிக்குக் கொடுக்கும் கிட்டங்கியில், அழகப்பச் செட்டியாரிடம் ஆயிரத்தைந்நூறு வெள்ளி வாங்கினான். ஜாமீன் நின்றவர் கோவிந்தசாமி. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு ஓடி வந்துவிடுகிறேன் என்று நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறினான். அம்மா தேறிவிட்டாள் என்று பிறகு சேதி வந்தது. சேதுபதிதான் வரவில்லை.

போகுமுன் அவன் செய்த ஒரு காரியத்தைத் தேக்கா மறக்கவில்லை. பால்காரி பாக்கி, டோபி பாக்கி, கோப்பிக்கடை பாக்கி என்று சில்லறைக் கடன் முழுவதையும் தேடித் தேடிப் போய்க் கட்டிவிட்டான். "என்னா மாதிரி ஆளுப்பா, அஞ்சு காசு பாக்கி வைக்கலையே!" என்று தெருவே மெச்சிற்று. செட்டியார் கடன் வெளியே வந்ததும், மெச்சிய அதே வாய்கள் வேறு ஒரு முடிவுக்கு வந்தன. சில்லறைக் கடனை அவசரமாகத் தீர்க்கிறவன் மூட்டை கட்டுகிறான் என்று பொருள். அன்றிலிருந்து தேக்காவில் கடனை அடைக்கிறவனைத்தான் கண்காணித்தார்கள். அடைக்காதவனைப் பற்றி யாருக்கும் கவலையில்லை; அவன் எங்கே போய்விடப் போகிறான்?

செட்டியார் கோவிந்தசாமியைக் கூப்பிட்டு அனுப்பினார். மாசம் முப்பது வெள்ளி, தவறாமல் வர வேண்டும் என்று ஏற்பாடு. முப்பது வெள்ளியை எங்கிருந்து எடுப்பது என்பது சிவகாமசுந்தரியின் இலாகா ஆயிற்று.

காலையில் மார்க்கெட்டுக்குப் போவதை அவள் நிறுத்தினாள். ஐஸ் கரைந்து, மீன்காரனுக்கு வீட்டுக்குப் போகும் நினைப்பு வந்துவிடும் உச்சிவேளையில் போனாள். பார் சோப்பை நூல் போட்டுத் துண்டாக அறுத்து வெயிலில் காயவைத்தாள். காய்ந்த சோப்பு லேசில் கரையாது. லேசில் நுரைக்கவும் செய்யாது. சோறு வெந்த கையோடு அடுப்பிலிருந்து நெருப்புக் கரியை எடுத்து மூடி போட்ட டின்னுக்குள் போட்டு அணைத்தாள்; அதே கரி மறுநாள் மறுபடி எரிந்தது. நைந்துபோன சட்டைக் காலரைப் பிரித்து, மறுபக்கம் திருப்பி வைத்துத் தைத்தாள். கோவிந்தசாமியின் சட்டைகள் எல்லாம் இரண்டாம் ஆயுசு வாழ்ந்தன.

அவர் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. பஸ் விஷயத்தில் மட்டும் மனம் புழுங்கினார். டோபி காட் ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டால் ஐந்து காசு மிச்சம், அங்கிருந்து தேக்காவுக்கு நடை.

"செருப்பு தேயுதே, அது உன் கணக்குல வராதா?" என்றார் ஒருநாள்.

"கையில எடுத்துக்கிட்டு நடங்க."

"ஒரு கிராணி செருப்பக் கையில புடிச்சுக்கிட்டு சினிமாக் கொட்டாய் வாசல் வழியாவா நடக்கறது?"

"வாசல் வழியா ஏன் நடக்கறீங்க? பின்னால சந்து இருக்குல்ல."

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு சந்து வழியாக நடந்தார். பாதி ஜெயித்த திருப்தி இரண்டு பேருக்கும் இருந்தது.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. செட்டியாருக்கு மாசாமாசம் பணம் போய்க்கொண்டிருந்ததால் அங்கே சத்தமில்லை. சத்தமெல்லாம் சில்லறைக் கடன்களிடமிருந்துதான். பால்காரி விடிகாலையில் மாடிப்படி அடியில் நின்று, பால் அளப்பதற்கு முன்னால் பாக்கியை அளப்பாள். அது மாடி முழுவதும் கேட்கும். ஆயிரம் வெள்ளி வர வேண்டிய செட்டியார் மரியாதையாகப் பேச, பதினோரு வெள்ளிக்கு இவள் இப்படித் தொண்டை கிழியக் கத்துகிறாளே என்று சிவகாமசுந்தரிக்குத் தோன்றிற்று. ஐம்பத்தெட்டாம் வருஷம், கோவிந்தசாமி ஓவர்டைம் பார்த்துக் கொண்டுவந்த பணத்தை வைத்து முதலில் பால்காரி வாயை அடைத்தாள். பிறகு டோபி. கடைசியாகக் கீழே இரண்டு கடை தள்ளி மளிகை வைத்திருந்த முகைதீன் பாய்.

பணத்தை மேசைமேல் வைத்தபோது பாய் அதைத் தொடவில்லை.

"என்னம்மா இது?"

"பாக்கி, பாய். முழுசா எடுத்துக்குங்க."

"முழுசா யாரு கேட்டா? மாசம் கொஞ்சம்னு கொடுத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? என் அரிசியில கல்லு கில்லு கெடந்துச்சா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. கடன் தீர்ந்தா நிம்மதிதானே?"

"யாருக்கு நிம்மதி?" என்று சொல்லிவிட்டு, மனசில்லாமல் பணத்தை எடுத்து எண்ணினார். பத்து வருஷமாக வந்துகொண்டிருந்த கணக்கு ஒன்றுமில்லாமல் ஆனதைப் பார்க்க அவருக்குச் சங்கடமாக இருந்தது. வெளியே வந்து வாசல்வரை கொண்டுவிட்டார். அந்த மரியாதை சிவகாமசுந்தரிக்குப் புதிதாக இருந்தது. அது வழியனுப்புகிற மரியாதை என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

தெரிந்தது அடுத்த வாரம். பக்கத்து அறை முத்தாயி ஒரு பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்தாள். உள்ளே ஒரு புடவை, ரெண்டு தைலப் புட்டி, பிஸ்கட் டின்.

"அக்கா, மன்னார்குடியில எங்க தங்கச்சி வூடு. உங்களுக்கு வழிதான். ஒரு எட்டு போய்க் குடுத்துடுங்க."

"எனக்கு ஏன் வழி?"

"அட, எங்கிட்டயுமா மறைக்கணும்? ஊருக்கே தெரியும். எப்ப கப்பலு?"

சிவகாமசுந்தரிக்குச் சிரிப்பு வந்தது. "நாங்க எங்கயும் போகல, முத்தாயி."

"சேதுபதி அண்ணனும் ஓடி வந்துடறேன்னுதான் சொன்னாரு" என்றாள் முத்தாயி, கொஞ்சமும் கோபமில்லாமல். "நீங்களாவது பொட்டலத்த எடுத்துக்கிட்டுப் போங்க."

பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்ப அரைமணி நேரம் ஆயிற்று. அன்று சாயங்காலம் முன்பின் தெரியாத ஒரு தம்பதி மாடிக்கு வந்து, வாசலில் நின்றபடியே அறையைக் கண்ணால் அளந்துவிட்டு, ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். யோசித்துப் பார்த்தால் வதந்திக்கு எல்லாமே பொருந்தித்தான் இருந்தது. இரண்டு வருஷமாக வீட்டில் புதுச் சாமான் கிடையாது, தீபாவளிக்குப் புதுத்துணி கிடையாது, சினிமா கிடையாது. இப்போது சில்லறைக் கடனும் கிடையாது. புருஷனுக்கோ கப்பல் நிற்கிற இடத்திலேயே வேலை. அவள் கடனை அடைக்கச் செய்ததெல்லாம் ஓடிப்போகச் செய்த ஏற்பாடுபோலவே இருந்தது.

மூன்றாம் நாள் அழகப்பச் செட்டியாரே வந்துவிட்டார். கிட்டங்கியை விட்டு லேசில் நகராதவர். மாடிப்படி ஏறி வந்த களைப்பில் முதலில் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு மெதுவாகத்தான் ஆரம்பித்தார்.

"கிராணி, நான் கோபமா வரல. பயந்துபோய் வந்திருக்கேன். ஒரு தடவை ஏமாந்தது என் தப்பில்ல. ரெண்டாந்தரம் ஏமாந்தா என் முதலாளி என்னைப் பெட்டியடியில உட்காரவிட மாட்டாரு. மாசக் கடைசிக்குள்ள மிச்சத்த மொத்தமா கட்டிடுங்க. இல்லேன்னா வக்கீல் நோட்டீசு வரும். உங்க சம்பளத்த பிடிக்கச் சொல்லி ஆபீசுக்கும் போகும்."

கோவிந்தசாமி வெளிறிப்போனார். ஆபீசுக்குக் கடிதம் போனால் கிராணி வேலைக்கே ஆபத்து. மொத்தப் பணம் என்றால், இரண்டு பெண்களின் காதில் கிடந்ததையும் சேர்த்து விற்றாலும் பாதிகூடத் தேறாது. அவர் பெட்டியைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்தார். அந்த வருஷம்தான் குடியுரிமைப் பதிவு நடந்திருந்தது. லீவு போட்டு, வரிசையில் நின்று, கையை உயர்த்திச் சத்தியம் செய்து வாங்கி வந்த பத்திரம்.

"இதப் பாருங்க செட்டியார். நான் சிங்கப்பூர்க் குடிமகன். சர்க்கார் முத்திரை."

செட்டியார் அதை மரியாதையாக வாங்கி, தூரத்தில் பிடித்துப் படித்து, மரியாதையாகவே திருப்பித் தந்தார்.

"நல்ல காகிதம். நாலா மடிச்சா சட்டைப் பையில நிக்கும். கப்பல்ல இதுக்குத் தனியா சார்ஜும் கேக்க மாட்டான்."

"சத்தியம் பண்ணியிருக்கேனுங்க."

"சேதுபதி எங்கிட்ட கோயில் விபூதிய தொட்டுப் பண்ணினான்."

இவ்வளவு நேரமும் கதவோரம் நின்றிருந்த சிவகாமசுந்தரி கேட்டாள்: "நாங்க போக மாட்டோம்னு எதைக் காட்டினா நம்புவீங்க?"

செட்டியார் எழுந்துகொண்டார். "அது எனக்கே தெரியல ஆத்தா. கண்டா தெரியும்" என்று சொல்லிவிட்டுப் படியில் கவனமாக இறங்கிப் போனார்.

மறுநாள் காலை அவள் முத்தாயியின் ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கீழே பொதுச் சமையலறையில் முத்தாயி கல் போட்டிருந்தாள். அதில் ஆட்டிக்கொண்டு, வாடகைபோல ஒரு கிண்ணம் மாவைக் கொடுத்துவிடுவது சிவகாமசுந்தரியின் வழக்கம். கல் வாங்குகிற செலவு மிச்சம்.

முத்தாயி பக்கத்தில் குந்திக்கொண்டு பெருமூச்சு விட்டாள். "உங்களுக்கு ஒரு வசதிக்கா. கல்லு இல்லாத வூடு, நெனச்ச அன்னிக்குக் கிளம்பிடலாம். எங்க சின்னம்மா ஊருக்குப் போனப்ப மொதல்ல வித்தது கல்லத்தான். வாங்க ஆளு கிடைக்காம ஒரு மாசம் அலைஞ்சாங்க."

குழவியைச் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

ரோச்சோர் கால்வாய் ஓரத்தில் ஆ செங் என்ற சீனர் கல் கொத்துகிற பட்டறை வைத்திருந்தார். ஒரு பக்கம் கல்லறைக் கல், மறுபக்கம் ஆட்டுக்கல், அம்மி. இரண்டுமே இந்த ஊரிலேயே தங்கிவிடப் போகிறவர்களுக்கான சரக்கு என்பதால் ஒரே பட்டறையில் இருப்பதில் தப்பில்லை. உள்ளதில் பெரியதாக ஒரு ஆட்டுக்கல்லை அவள் காட்டினாள். ஆ செங் விலை சொன்னார். அவள் தனக்குத் தெரிந்த கடைத்தெருப் பசார் மலாயில் தவணை கேட்டாள்.

"ஊத்தாங் தாபோலே லா" என்றார் அவர். கடன் மட்டும் கிடையாது. வதந்தி ஒன்றும் அவர் காதில் விழுந்திருக்கவில்லை. ஒரு கையால் கல்லறையும் கொத்துகிற மனிதர். கடன் விஷயத்தில் யாரையும் நம்பாமல் இருக்கப் பழகியவர்.

செட்டியாருக்கு எடுத்துவைத்த முப்பது வெள்ளி டின்னில் இருந்தது. அதைத் தொட்டால் அந்த மாசத் தவணை போய்விடும். ஆக, ஊரில் சில்லறைக் கடனே இல்லாமல் ஆக்கிக்கொண்ட பெண்ணுக்கு அவசரமாக ஒரு கடன் தேவைப்பட்டது. கொடுக்கத்தான் ஆளில்லை. அவள் முகைதீன் பாய் கடைக்குப் போனாள்.

"பாய், எனக்கு ஒரு கடன் வேணும்."

பாய் நிமிர்ந்து பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து ஸ்டூலைத் தட்டிவிட்டார். "உக்காருங்கம்மா. எவ்வளவு?"

"ஆட்டுக்கல் ஒண்ணு பார்த்துவச்சிருக்கேன். ஆ செங்குக்கு நீங்க பணம் குடுத்துட்டு என் கணக்குல எழுதிக்கணும். மாசம் ரெண்டு ரெண்டு வெள்ளியா தர்றேன்."

"ஆட்டுக்கல்லா?" பாய் வாயைத் திறந்தவர் மூட மறந்தார். "அப்ப நீங்க போகலியா?"

"போறவ கல்லு வாங்குவாளா பாய்?"

"அதத்தான் நானும் சொன்னேன்! இந்தத் தெருவுல எவன் கேட்டான்?" என்றார் பாய். அப்படி எதுவும் அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. தெருவுக்கு முதலில் கப்பல் விஷயத்தைச் சொன்னவரே அவர்தான். ஆனால் அந்த நிமிஷத்தில் அவர் அதை மனதார நம்பினார்.

கல்லைக் கொண்டுவர மூன்று சக்கரச் சைக்கிள் பெச்சா ஒன்று பிடித்தாள். இரண்டு வருஷத்தில் அவள் செய்த முதல் வாகனச் செலவு அது. அதிலும் கல்தான் சவாரி செய்தது. பெச்சாவின் ஆசனத்தில், கிழிசல் மெத்தைமேல் கோணிப்பை விரித்து, ஆட்டுக்கல் தனியாளாக உட்கார்ந்திருந்தது. காலடியில் குழவி. சிவகாமசுந்தரி பக்கத்தில் நடந்தாள்.

பெச்சாக்காரர் குறுக்கு வழியில் திரும்பப் போனார். "வேணாம். சிராங்கூன் ரோடு வழியா போங்க" என்றாள்.

"அது சுத்து வழிம்மா. இருபது காசு கூட ஆகும்."

"ஆகட்டும்."

இருபது காசை அப்படி அவள் வாயால் விட்டுக்கொடுத்ததைக் கோவிந்தசாமி கேட்டிருந்தால் டாக்டரைக் கூப்பிட்டிருப்பார். பூக்கடை, பாத்திரக்கடை, தையற்கடை எல்லாவற்றையும் தாண்டி ஊர்வலம் மெதுவாகப் போயிற்று. கேட்டவர்களுக்கெல்லாம் நின்று பதில் சொன்னாள். கடைவீட்டு வாசலில் நாலு பேர் சேர்ந்து, திட்டிக்கொண்டே, கல்லை இறக்கிப் பின்கட்டுச் சமையலறைக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். அறையை அளக்க வந்த தம்பதி அதற்குப் பிறகு வரவில்லை. முத்தாயி பொட்டலத்தைப் பிரித்து பிஸ்கட்டை எல்லோருக்கும் கொடுத்துவிட்டாள்.

மாசக் கடைசி வந்தது. கோவிந்தசாமி கிட்டங்கிக்குத் தனியாகப் போகப் பயந்தார். சிவகாமசுந்தரியும் கூடப் போனாள். நீளமான கூடத்தில் பெண்பிள்ளை நுழைந்ததைப் பார்த்து மற்றப் பெட்டியடிகளில் பேச்சு நின்றது. அழகப்பச் செட்டியார் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். கோவிந்தசாமி முப்பது வெள்ளியை அவர்முன் வைத்தார். அதை எடுத்தால் பழைய ஏற்பாடு நிலைக்கும். எடுக்காவிட்டால் வக்கீல்.

செட்டியார் பணத்தைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

"கல்லு என்ன விலை ஆத்தா?"

சொன்னாள்.

"ஜாஸ்தி. அந்தச் சீனன் உன்னை ஏமாத்திட்டான்." பிறகு குரலில் நிஜமான கண்டிப்பு வந்தது. "இங்க இவ்வளவு கடன் நிக்கறப்ப புதுக் கல்லு எதுக்கு? பக்கத்து வீட்டுக் கல்லுல ஆட்டிக்கக் கூடாதா? குடும்பம் நடத்தற பொம்பளைக்குக் கொஞ்சமாவது சிக்கனம் வேணும்."

கோவிந்தசாமி மனைவி பக்கம் திரும்பினார். அவள் தரையைப் பார்த்தபடி, "இனிமே பார்த்து நடந்துக்கறேனுங்க" என்றாள்.

"நடந்துக்க" என்று செட்டியார் முப்பது வெள்ளியை எண்ணிப் பெட்டிக்குள் போட்டார்.

அதற்குப் பிறகு அந்தக் கடன் தன் வழியில் தேய்ந்தது. பெரிய பெண் செக்கண்டரி பள்ளிக்குப் போனாள். அவளுடைய பினஃபோர் விளிம்பில் வைத்த மடிப்பு வருஷத்துக்கு ஒன்றாகப் பிரிந்தது. சோப்பு காய்ந்தது, கரி அணைந்து மறுபடி எரிந்தது. முத்தாயியின் கல் தேய்ந்துபோய், அவள்தான் இப்போது கிண்ண மாவு கொடுத்து சிவகாமசுந்தரியின் கல்லில் ஆட்டினாள். அறுபத்திரண்டில், ஒரு மழைநாள் மத்தியானம், கடைசித் தவணையைக் கொண்டுபோய் வைத்தார்கள்.

செட்டியார் புரோநோட்டைத் தேடி எடுத்து, கோவிந்தசாமியின் கையெழுத்து இருந்த இடத்தைக் கிழித்துவிட்டு மீதியை அவர் கையில் கொடுத்தார். கோவிந்தசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. செட்டியாரும் நெகிழ்ந்துபோனார். நெகிழ்ச்சியை அவர் தனக்குத் தெரிந்த விதத்தில் காட்டினார்.

"கிராணி, இனிமே உங்களுக்கு எவ்வளவு வேணும்னாலும் வந்து கேளுங்க. ரெண்டாயிரமா, மூவாயிரமா? ஜாமீன்கூட வேணாம்."

கோவிந்தசாமியின் முகம் மலர்ந்ததை சிவகாமசுந்தரி கவனித்தாள். இவ்வளவு பெரிய மரியாதையை அவருக்கு யாரும் செய்ததில்லை. "மழை விட்டுச்சு, வாங்க" என்று அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

தேக்காவுக்கு வந்ததும் அவரை மாடிக்கு அனுப்பிவிட்டு முகைதீன் பாய் கடையில் நுழைந்தாள். கல் பாக்கி எப்போதோ தீர்ந்திருந்தது. வேறு சாமான் வகையில் நாலு வெள்ளி நின்றது. செட்டியாருக்கு இனிக் கொடுக்க வேண்டியதில்லை என்ற நினைப்பில், அவள் பர்ஸைத் திறந்து ஒரு வெள்ளி நோட்டுகள் நாலை எடுத்தாள்.

பாயின் முகம் விழுந்துவிட்டது. "முழுசாவாம்மா?" என்றார். பின்னால் அரிசி வாங்க நின்ற பெண் சட்டென்று பேச்சை நிறுத்தி எட்டிப் பார்த்தாள்.

சிவகாமசுந்தரி அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மூன்று நோட்டுகளை பர்ஸுக்குள் திருப்பி வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் கொடுத்தாள்.

"மிச்சம் நிக்கட்டும் பாய். ஒரு தேங்காய் குடுங்க. அதையும் எழுதிக்கங்க."

பாய் எழுந்து போய்க் குவியலைக் கிளறி, இரண்டைத் தட்டிப் பார்த்து ஒதுக்கிவிட்டு, மூன்றாவதாக நல்ல கனமான காய் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார்.